பாதி வழியில் நின்ற பார்ட்டிஷன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஒதுக்கிவைக்க மனமில்லாத பலர், அதே ஹார்டு டிஸ்க்கில் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்துக்கும் பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதியைப் பிரித்துக் கொடுத்து இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். அப்படி இடம் பிரிக்கும் வேலை நடுவில் நின்றுபோய்த் தவிப்பவர்களின் கடிதங்களும் வந்துகொண்டிருக்கின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினியில் 1 டிபி ஹார்டு டிஸ்க் இருக்கிறது. முதலில் விண்டோஸ் உள்ள சி டிரைவ் 200 ஜிபி, அடுத்து முன்பு உபுண்டு என்ற லினக்ஸ் வகை இருந்த 80 ஜிபி, அதற்கடுத்து டி டிரைவ் 600 ஜிபி, கடைசியில் இப்போது பயன்படுத்தும் லினக்ஸ் மின்ட் 50 ஜிபி. பழைய உபுண்டுவை அழித்துவிட்டு, அந்த 80 ஜிபி-யை டி டிரைவோடு சேர்ப்பதற்காகப் பென் டிரைவிலிருந்து ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் மாற்றும் கருவியை ஓட்டினேன். சுமார் 230 ஜிபி நகலெடுத்ததாகத் திரையில் தெரிந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது, யு.பி.எஸ். இல்லை. மறுபடி பென் டிரைவிலிருந்து பார்த்தபோது டி டிரைவில் எல்லா ஃபோல்டர்களின் பெயர்களும் வந்தன. ஆனால் தங்கையின் திருமணப் படங்களில் சில திறக்கின்றன, சில திறக்கவில்லை. விண்டோஸை இன்னும் ஆன் செய்யவில்லை. விண்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். ஓட்டலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: ஓட்டக் கூடாது. விண்டோஸையும் ஆன் செய்ய வேண்டாம். ஒரு டிரைவில் கோளாறு இருப்பதாகக் கண்டால், தொடங்கும்போதே செக்டிஸ்க்கைத் தானாக ஓட்டிவிடும் வழக்கம் அதற்கு உண்டு. உங்கள் படங்கள் ஏறத்தாழ முழுவதும் இப்போதும் டிஸ்க்கில் இருக்கின்றன. அவற்றைக் கெடுக்கக்கூடியது இனிமேல் அந்த டிஸ்க்கில் எழுதப்படும் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். பென் டிரைவிலிருந்து திறந்து பார்ப்பதையும் இத்தோடு நிறுத்துங்கள். சாதாரணமாகத் திறக்கும்போது லினக்ஸும் அந்த டிரைவை எழுதும் உரிமையோடுதான் இணைக்கிறது.

என்ன நடந்தது என்று பார்ப்போம். ஒரு பார்ட்டிஷனின் வலது எல்லையை மட்டும் நீட்டுவது சில நிமிட வேலை. இடது எல்லையை நகர்த்துவது அப்படியல்ல. உள்ளே இருக்கும் 600 ஜிபி-யும் முதல் செக்டரிலிருந்து (டிஸ்க்கில் எழுதப்படும் மிகச்சிறிய துண்டு) கடைசி செக்டர்வரை 80 ஜிபி இடப்பக்கம் தள்ளி மீண்டும் எழுதப்பட வேண்டும். நீளமான கரும்பலகையில் எழுதியிருப்பதை, அதே பலகையில் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி முதலிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் 80 ஜிபி காலியிடத்தில் விழுகிறது. அதன் பிறகு எழுதுவதெல்லாம் பழைய எழுத்துகளின் மேலேயே விழுகிறது. ஆனால் அந்தப் பழைய எழுத்துகள் ஏற்கெனவே இடப்பக்கம் நகலாகிவிட்டவை. ஆகவே எந்த நொடியில் கை நின்றாலும் ஒரு சொல்லும் இழக்கப்படுவதில்லை. முன்பகுதி புதிய இடத்தில் இருக்கும். பின்பகுதி பழைய இடத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று 80 ஜிபி விலகி நிற்கும்.

உங்களுக்குப் பெயர்கள் தெரிந்து படங்கள் திறக்காததற்கும் இதுவே காரணம். விண்டோஸ் டிரைவ்களில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் கோப்புகளின் பெயரும் அவை இருக்கும் இடமும் எம்எஃப்டி என்ற அட்டவணையில் பதிவாகின்றன. விண்டோஸ் ஃபார்மட் செய்த பெரிய டிரைவ்களில் அந்த அட்டவணை வழக்கமாகத் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளித் தொடங்கும். அது முதலிலேயே நகலாகிவிட்டது. நகர்த்தத் தொடங்கும்போதே ஜிபார்ட்டட், பழைய இடத்தையும் புதிய இடத்தையும் சேர்த்து ஒரே பார்ட்டிஷனாக டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையில் எழுதிவிடுகிறது என்பதால், டிரைவ் இப்போது புதிய தொடக்கத்திலிருந்தே படிக்கப்படுகிறது. முதல் 230 ஜிபி-க்குள் இருக்கும் படங்கள் திறக்கின்றன. அதற்கப்பால் உள்ளவற்றைத் தேடும்போது, 80 ஜிபி தள்ளி இருக்க வேண்டிய வேறு ஏதோ ஒன்று கையில் வருகிறது. இந்த நிலையில் செக்டிஸ்க் ஓடினால், பொருந்தாமல் நிற்கும் ஒவ்வொன்றையும் பிழை என்று முடிவுகட்டி, கோப்புக்கும் அதன் இடத்துக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடும். என்னுடைய மடிக்கணினியில் ஒருமுறை இதே அவசரத்தில் அதை ஓட்டினேன், ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டருக்குள் பெயரிழந்த துண்டுகளாக ஆயிரக்கணக்கான கோப்புகள் குவிந்தன. அவற்றில் எது எந்தப் படம் என்று இன்றுவரை பிரிக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் 2 டிபி வெளி டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கணினியைப் பென் டிரைவ் லினக்ஸில் தொடங்கி, பழைய டிஸ்க்கின் எந்த டிரைவையும் திறக்காமல், ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி மூலம் முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக ஒரே இமேஜ் கோப்பாக அந்த வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். கட்டளை அடிக்கும்போது எது மூலம், எது இலக்கு என்று டிஸ்க்கின் மாடல் பெயரையும் அளவையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். டிடிரெஸ்க்யூ எழுதும் மேப் கோப்பையும் பத்திரமாக வையுங்கள். நடுவில் மறுபடி மின்சாரம் போனால், விட்ட இடத்திலிருந்து தொடர அது உதவும். பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடலாம். எல்லா வேலையும் இமேஜில்தான் நடக்க வேண்டும்.

அடுத்து இரண்டு எண்கள் தேவை: பார்ட்டிஷன் முன்பு எந்த செக்டரில் தொடங்கியது, இப்போது எந்த செக்டரில் தொடங்குகிறது. இரண்டாவது எண் பார்ட்டிஷன் அட்டவணையிலேயே இருக்கும். முதல் எண்ணை நீங்கள் குறித்து வைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் டிஸ்க்கே அதைக் குறித்து வைத்திருக்கிறது. புதிய தொடக்கத்தில் உள்ள முதல் செக்டரை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். முதல் மூன்று பைட்டுகளை அடுத்து ஆங்கிலத்தில் என்டிஎஃப்எஸ் என்ற நான்கு எழுத்துகள் கண்ணில் படும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 28-ஆம் பைட் முதல் நான்கு பைட்டுகளில் அந்த பார்ட்டிஷனின் தொடக்க செக்டர் எண் பதிந்திருக்கும். நகர்த்தல் முழுதாக முடிந்த பிறகுதான் ஜிபார்ட்டட் இந்த எண்ணைத் திருத்துகிறது. உங்கள் வேலை முடியவில்லை என்பதால் அங்கே பழைய எண்ணே இருக்கும். 40-ஆம் பைட்டிலிருந்து எட்டு பைட்டுகளில் மொத்த செக்டர்களின் எண்ணிக்கை இருக்கும். பார்ட்டிஷனின் உண்மையான அளவைவிட அது ஒன்று குறைவாகத் தெரியும், அந்த ஒன்று கடைசியில் வைக்கப்படும் பூட் செக்டரின் (நாம் திறந்த அந்த முதல் செக்டரின்) நகல். இந்த பைட்டுகளை வலமிருந்து இடமாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

உங்கள் கணக்குப்படி இரண்டு தொடக்கங்களுக்கும் இடையே 80 ஜிபி, அதாவது 512 பைட் செக்டராக 16,77,72,160 செக்டர்கள் இருக்க வேண்டும். ஒரு செக்டர் பிசகினாலும் எதுவும் பொருந்தாது என்பதால், உருண்டை எண்ணை நம்பாமல் டிஸ்க்கில் படித்த எண்ணையே பயன்படுத்துங்கள்.

இப்போது முன்பகுதியையும் பின்பகுதியையும் எங்கே வெட்டி ஒட்டுவது என்ற வெட்டுக்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். 230 ஜிபி நகலானது என்றால், அசல் டிரைவின் 150-ஆவது ஜிபி முதல் 230-ஆவது ஜிபி வரை உள்ள பகுதி டிஸ்க்கில் இரண்டு முறை இருக்கும்: புதிய இடத்தில் ஒன்று, இன்னும் மேலெழுதப்படாத பழைய இடத்தில் ஒன்று. ஆகவே புதிய தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு 10 ஜிபி-க்கும் ஓர் இடத்தை எடுத்து, அதிலிருந்து சரியாக 80 ஜிபி தள்ளியுள்ள இடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கத் தொடங்கும். 80 ஜிபி நீளத்துக்கு அப்படியே இருந்து, பிறகு வேறுபடும். அந்தப் பட்டைக்குள் எங்கே வெட்டினாலும் சரிதான். ஓரங்களை மட்டும் தவிருங்கள். மின்சாரம் போன நொடியில் கடைசியாக எழுதிய சில எம்பி டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. 200-ஆவது ஜிபி நல்ல இடமாகத் தெரிகிறது. ஒப்பிடும்போது வெறும் பூஜ்யங்களாக இருக்கும் செக்டர்களைக் கணக்கில் கொள்ளாதீர்கள்; காலியிடம் காலியிடத்தோடு எப்போதும் பொருந்தும்.

கடைசிப் படி எளிது. இமேஜில் புதிய தொடக்கத்திலிருந்து 41,94,30,400 செக்டர்களை முதல் துண்டாகவும், பழைய தொடக்கத்திலிருந்து 200 ஜிபி தள்ளி, அதாவது புதிய தொடக்கத்திலிருந்து 280 ஜிபி தள்ளி, மீதமுள்ள 400 ஜிபி-யான 83,88,60,800 செக்டர்களை இரண்டாம் துண்டாகவும் எடுத்து, அதே வெளி டிஸ்க்கில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி 600 ஜிபி கோப்பாக்குங்கள். லினக்ஸின் டிவைஸ் மேப்பர் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், நகலெடுக்காமலேயே இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஒரே டிரைவாகக் காட்டச் சொல்லி முதலில் சோதித்துக்கொள்ளலாம். கிடைத்ததைப் படிக்க மட்டும் அனுமதித்து இணைத்து, இதுவரை திறக்காமல் இருந்த படங்களைத் திறந்து பாருங்கள். ஒரு பெரிய திருமண வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. எல்லாம் சரி என்றால் கோப்புகளை வேறோர் இடத்துக்கு மாற்றுங்கள். அதன் பிறகே பழைய டிஸ்க்கைத் தொடலாம்.

நகர்த்தும்போது டிஸ்க்கைப் படிப்பதில் பிழை வந்தால், அதுவரை எழுதியதைத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஜிபார்ட்டட் முயலும். மின்தடையின்போது அதற்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

கேள்வி: லினக்ஸ் நிறுவும்போது விண்டோஸ் டிரைவைச் சுருக்கும் கட்டத்தில் திரை நெடுநேரம் அசையவில்லை. பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டேன். இப்போது டிஸ்க் முழுவதும் ஒதுக்கப்படாத இடம் என்று காட்டுகிறது. இந்த டிஸ்க்கை இன்னொரு கணினியில் இணைத்தால் 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்கிறது. செய்யலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம்; அந்தப் பெட்டி வரும்போதெல்லாம் ரத்து என்பதையே அழுத்துங்கள். இனிஷியலைஸ் செய்தால் புதிய வெற்று அட்டவணை ஒன்று எழுதப்படும். உங்களுக்குத் தேவையான பழைய அட்டவணையின் நகல் அதில் அழிந்துவிடும்.

அண்மைக்காலக் கணினிகளில் பெரும்பாலும் ஜிபிடி என்ற அட்டவணை முறைதான் இருக்கும். அதன் தலைப்பு டிஸ்க்கின் 1-ஆம் செக்டரிலும், பார்ட்டிஷன் பட்டியல் வழக்கமாக 2 முதல் 33 வரையுள்ள செக்டர்களிலும் இருக்கும். 128 பதிவுகள், ஒவ்வொன்றும் 128 பைட் என்பதால் பட்டியலுக்கு 32 செக்டர்கள் தேவைப்படுகின்றன. இதன் முழு நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் வைக்கப்படுகிறது. தலைப்பிலும் பட்டியலிலும் சரிபார்ப்பு எண் உண்டு. பாதி எழுதிய நிலையில் நின்றால் அந்த எண் பொருந்தாது, அதனால் முன்பக்க அட்டவணை செல்லாது என்று தெரிந்துவிடும். பல நேரங்களில் பின்பக்க நகல் முழுமையாகவே இருக்கும்.

ஜிடிஸ்க் என்ற கருவியில் டிஸ்க்கைத் திறந்தால், எது கெட்டிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று முதல் வரிகளிலேயே சொல்லிவிடும். அதன் மீட்புப் பட்டியலுக்குள் போய், பின்பக்கத் தலைப்பையும் பட்டியலையும் ஏற்றச் சொல்லுங்கள். இதெல்லாம் நினைவகத்தில் மட்டும் நடக்கிறது. எழுது என்று நீங்கள் கட்டளையிடும்வரை டிஸ்க்கில் எதுவும் மாறாது. அதற்குமுன் பட்டியலைத் திரையில் வரவழைத்து நிதானமாகப் பாருங்கள். 100 எம்பி அளவில் ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன், 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிய ஒன்று, அடுத்துப் பெரிய சி டிரைவ், பிறகு சில நூறு எம்பி அளவில் மீட்புப் பார்ட்டிஷன் என்ற வரிசை தெரிந்தால், அது உங்கள் பழைய அமைப்பு என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். கணினி நிறுவனத்தைப் பொறுத்து அளவுகள் கொஞ்சம் மாறும்.

சுருக்கும் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் உள்ளே இருக்கும் கோப்பு முறைமை (கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) சிறிதாக்கப்படுகிறது. பிறகே அட்டவணையில் எல்லை மாற்றப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்தால், பெரிய பெட்டிக்குள் சிறிய பொருள் இருக்கும் நிலை அது; கெடுதல் இல்லை. கோப்புகளை இடம் மாற்றிக்கொண்டிருந்த முதல் கட்டத்திலேயே நின்றிருந்தால் சில கோப்புகள் கெட்டிருக்கலாம். அதனால் அட்டவணை திரும்பக் கிடைத்ததும் தேவையான கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, அதன் பிறகு விண்டோஸைத் தொடங்குங்கள்.

சி டிரைவ் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் மறையாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தால், எந்த மீட்புக் கருவியும் உள்ளே எந்தக் கோப்பையும் காட்டாது. அதைக் கண்டு தரவு போய்விட்டது என்று முடிவுசெய்ய வேண்டாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் 48 இலக்க மீட்பு எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: அக்காவுக்கு 2012-இல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை நான் பயன்படுத்துகிறேன். விண்டோஸோடு லினக்ஸும் இருக்கிறது; கல்லூரி புராஜெக்ட் முழுவதும் லினக்ஸில்தான் வைத்திருந்தேன். விண்டோஸில் டி டிரைவைப் பெரிதாக்குவதற்காகப் பெயரில்லாமல் இருந்த 40 ஜிபி பார்ட்டிஷனை அழித்தேன். டி டிரைவை நீட்டச் சொன்னதும் கணினி உறைந்துவிட்டது. மறுபடி ஆன் செய்தால் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி மட்டும் வருகிறது. அழித்தது லினக்ஸ்தான் என்று இப்போது புரிகிறது. புராஜெக்ட் கிடைக்குமா?
— மாணவர், மதுரை

பதில்: பெரும்பாலும் கிடைக்கும். விண்டோஸுக்கு லினக்ஸின் கோப்பு முறைமை தெரியாது. அதனால் பெயரில்லாத பார்ட்டிஷனாக அதைக் காட்டுகிறது. இந்தத் தவறு பலருக்கு நேர்கிறது. பார்ட்டிஷனை அழித்தபோது அட்டவணையில் இருந்த வரிதான் நீக்கப்பட்டது. உள்ளே இருந்த கோப்புகளை யாரும் தொடவில்லை.

உங்கள் மடிக்கணினியின் காலத்தில் எம்பிஆர் என்ற பழைய முறையே பரவலாக இருந்தது. டிஸ்க்கின் முதல் செக்டரில் உள்ள 512 பைட்டில் 64 பைட் மட்டுமே அட்டவணை. 16 பைட் வீதம் நான்கு வரிகள். நான்குக்கு மேல் வேண்டுமென்றால் ஒன்றை நீட்டிப்புப் பார்ட்டிஷனாக்கி அதற்குள் சங்கிலியாகக் கோக்க வேண்டும். இங்கே ஜிபிடி-யைப் போலப் பின்பக்க நகல் கிடையாது. ஆகவே டிஸ்க்கையே தேடிப் பார்ட்டிஷன்களின் தடயங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாக வழங்கிவரும் டெஸ்ட்டிஸ்க் அதற்கான கருவி. லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை, பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 1,024 பைட் தள்ளி ஒரு தலைமைப் பதிவை வைத்திருக்கும். அதற்கு அடையாளக் குறியும் உண்டு. டெஸ்ட்டிஸ்க் அத்தகைய குறிகளைத் தேடி, அளவைக் கணக்கிட்டு, காணாமல் போன எல்லைகளைத் திரையில் காட்டும்.

பென் டிரைவ் லினக்ஸில் தொடங்கி டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டுங்கள். அட்டவணை வகையில் 'இன்டெல்' என்பதைத் தேர்ந்து, பகுப்பாய்வுக்குப் போய், முதலில் விரைவுத் தேடல் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் ஆழ்ந்த தேடல் செய்யுங்கள். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம், சார்ஜரை இணைத்தே வையுங்கள். பட்டியல் வந்ததும் எந்த வரியையும் அவசரமாக நம்பிவிட வேண்டாம். பல ஆண்டுகளாகப் பயன்பட்ட டிஸ்க்கில் எப்போதோ இருந்து அழிந்த பார்ட்டிஷன்களின் தடயங்களும் சேர்ந்தே வரும். ஒவ்வொரு வரியிலும் அம்புக்குறியை நிறுத்தி, 'பி' விசையை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல் விரியும். உங்கள் ஹோம் ஃபோல்டரும் அதற்குள் புராஜெக்ட்டின் பெயரும் எந்த வரியில் தெரிகின்றனவோ அதுவே நீங்கள் தேடுவது.

அட்டவணையை எழுதுவதற்கு முன்பே, அந்தப் பட்டியலிலிருந்து 'சி' விசையால் புராஜெக்ட் ஃபோல்டரை வேறொரு பென் டிரைவுக்கு நகலெடுத்துவிடுங்கள். டி டிரைவை நீட்டும் வேலை எவ்வளவு தூரம் நடந்தது என்பது நமக்குத் தெரியாது. அதன் கோப்பு முறைமை ஏற்கெனவே அந்த 40 ஜிபி-க்குள் நீண்டிருந்தால், லினக்ஸ் பார்ட்டிஷனைத் திரும்ப எழுதும்போது இரண்டும் ஒரே இடத்தைச் சொந்தம் கொண்டாடும். அப்போது ஒன்றைக் காப்பாற்றப் போய் மற்றொன்றையும் கெடுக்க நேரும். நீண்டிருக்கவில்லை என்று எல்லைகளின் எண்களிலிருந்து தெரிந்தால் மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

அந்த 'கிரப் ரெஸ்க்யூ' வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கணினி தொடங்கும்போது, இயங்குதளத்தை ஏற்றும் நிரலான கிரப் தன்னுடைய மீதிக் கோப்புகளை லினக்ஸ் பார்ட்டிஷனில் தேடுகிறது. அது இல்லாததால் அங்கேயே நிற்கிறது. பார்ட்டிஷன் அதே எண்ணோடு திரும்பிவிட்டால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். எண் மாறியிருந்தால் பென் டிரைவிலிருந்து கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. எம்பிஆர் டிஸ்க்கில் நான்கு வரிகளும் நிறைந்திருக்கும்போது விண்டோஸில் இடத்தைக் கூட்ட முயன்றால், டிஸ்க்கை 'டைனமிக்' ஆக்கலாமா என்று ஒரு பெட்டி வரும். இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் அதற்குச் சம்மதிக்கக் கூடாது. அதன் பிறகு லினக்ஸ் தொடங்காமல் போக வாய்ப்பு அதிகம்.

கேள்வி: லினக்ஸ் பார்ட்டிஷனை எஃப்டிஸ்க் என்ற பார்ட்டிஷன் கருவியில் அழித்துவிட்டு, அதே தொடக்கத்தில் சிறிய அளவில் மறுபடி உருவாக்கினேன். இப்போது இணைக்க மறுக்கிறது. டிவைஸின் அளவைவிட பிளாக் எண்ணிக்கை அதிகம் என்று பிழை வருகிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் பெட்டியைச் சுருக்கினீர்கள், உள்ளே இருப்பதைச் சுருக்கவில்லை. மீண்டும் எஃப்டிஸ்க்கில் அதே தொடக்க செக்டரில், பழைய முடிவு செக்டர்வரை பார்ட்டிஷனை உருவாக்குங்கள். பழைய அடையாளக் குறியை அழிக்கவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய அளவு நினைவில் இல்லையென்றால், பிழைச் செய்தியிலேயே பிளாக் எண்ணிக்கை இருக்கிறது. ஒரு பிளாக் பெரும்பாலும் 4 கேபி, அதாவது 8 செக்டர், என்பதை வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம். விடுபட்ட இடத்தில் இன்னொரு பார்ட்டிஷனை உருவாக்கி ஃபார்மட் செய்யாதவரை எதுவும் இழக்கப்படவில்லை. சுருக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ரீசைஸ்2எஃப்எஸ் மூலம் கோப்பு முறைமையைச் சிறிதாக்கிவிட்டு, அதன் பிறகு எல்லையை மாற்றுங்கள்.

கேள்வி: பார்ட்டிஷன் காணாமல் போனதால் பக்கத்து ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். என்னைக் கேட்காமலேயே எஸ்எஸ்டி-யை ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மகன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அதில் இருந்தன. ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியை ஓட்டினால் வருமா?
— வாசகி, சேலம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் வருந்தினேன். உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது: சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்திருந்தால் நல்ல நம்பிக்கை தந்திருப்பேன்; எஸ்எஸ்டி-யில் வாய்ப்பு மிகக் குறைவு. ஹார்டு டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் செய்தால் அட்டவணைகள் மட்டும் புதிதாகும். பழைய படங்கள் மேலெழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டி-யில் ஃபார்மட் செய்யும்போது, இந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று 'டிரிம்' என்ற கட்டளை போகிறது. எஸ்எஸ்டி அந்த இடங்களைத் தன் போக்கில் துடைத்து வைத்துவிடுகிறது. துடைத்த பிறகு எந்தக் கருவிக்கும் படிப்பதற்கு எதுவும் இருக்காது.

அப்படியும் முயன்று பார்ப்பதில் தவறில்லை. பழைய வெளிப்பெட்டிகள் சிலவற்றின் வழியாக இணைத்தால் டிரிம் கட்டளை போவதில்லை. கடையில் அப்படிச் செய்திருந்தால் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். கணினியை உடனே அணைத்து, எஸ்எஸ்டி-யை வெளியே எடுத்து, டிடிரெஸ்க்யூவால் இமேஜ் எடுத்து, அதன் மேல் ஃபோட்டோரெக்கை ஓட்டுங்கள். அது பெயரையோ ஃபோல்டரையோ தேடாது. ஜேபெக் கோப்பின் தொடக்கக் குறியைத் தேடி எடுக்கும். கிடைப்பவை எண்களைப் பெயராகக் கொண்டிருக்கும், வரிசை இருக்காது. அதோடு, பழைய கைப்பேசி, அதன் மெமரி கார்டு, கூகுள் ஃபோட்டோஸ், வாட்ஸ்ஆப்பில் உறவினர்களுக்கு அனுப்பியவை எல்லாவற்றிலும் தேடிப் பாருங்கள். இந்த நிலையில் அங்கிருந்துதான் அதிகம் கிடைக்கும்.

கேள்வி: அடுத்த வாரம் என் மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவப்போகிறேன். உங்கள் பதில்களைப் படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. முன்கூட்டியே என்ன செய்துகொள்ள வேண்டும்?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: தேவையான கோப்புகள் இன்னொரு டிஸ்க்கில் இருந்தால் பயப்பட எதுவுமில்லை. அதை முதலில் செய்யுங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான்.

விண்டோஸில் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, அதைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடப்படுவதில்லை. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ் டிரைவைத் தொடுவது ஆபத்து. பவர் அமைப்புகளில் போய் அதை நிறுத்திவிட்டு, ஒருமுறை முழுதாக மூடித் திறங்கள்.

சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குங்கள். எதிர்பார்த்த அளவுக்குச் சுருங்கவில்லையென்றால், இடம் மாற்ற முடியாத பேஜ் கோப்போ ஹைபர்நேஷன் கோப்போ நடுவில் இருக்கிறது என்று பொருள். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி முயலலாம். சுருங்கியதும் வலப்பக்கம் கிடைக்கும் காலியிடத்திலேயே லினக்ஸை நிறுவுங்கள். எந்தப் பார்ட்டிஷனின் இடது எல்லையையும் நகர்த்தும்படியான திட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். காரைக்குடி வாசகருக்கு நேர்ந்தது அந்த ஒரு நகர்த்தலில்தான். மடிக்கணினியாக இருந்தாலும் சார்ஜரை இணைத்து, பேட்டரியும் நிறைந்திருக்கும்போது தொடங்குங்கள்.

பென் டிரைவ் லினக்ஸைத் திறந்ததும், நிறுவும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு, எஸ்எஃப்டிஸ்க் கருவியால் பார்ட்டிஷன் அட்டவணையை ஒரு சிறு கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்க செக்டரும் அளவும் அதில் சில வரிகளாக வந்துவிடும். அந்தக் கோப்பை வேறொரு பென் டிரைவில் போட்டுவிட்டு, திரையில் தெரியும் அந்த வரிகளைக் கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.